‘மீமாறுநிலை’: அனல்மின் நிலைய விரிவாக்கத்தில் ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நிலக்கரி அனல்மின் நிலைய விரிவாக்கங்களில் புதிதாகச் சேரும் ‘சூப்பர்கிரிட்டிக்கல்’ அலகுகளை (அலகு என்பது கொதிகலனும் மின்னாக்கியும் சேர்ந்த தொகுதி) ‘உயர்வெப்ப அலகுகள்’ என்று அழைக்கலாம் என நண்பர் ஒருவர் இங்கே முன்மொழிந்தார். சொல் எளிதுதான், ஆனால் பொருள் பிழைபடுகிறது.

நீருக்கும் ஆவிக்கும் உள்ள வேறுபாடு மறையும் எல்லையே மாறுநிலைப் புள்ளி (கிரிட்டிக்கல் பாயிண்ட்). நீருக்கு அது ஏறத்தாழ 374 பாகை செல்சியசும் 221 பார் அழுத்தமும் ஆகும். பழைய அலகுகளிலேயே நீராவியை 540 பாகை அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். ஆகவே வெப்பநிலையில் அவையும் அந்தப் புள்ளியைக் கடந்தவையே. கடக்காதது அழுத்தம், அது பெரும்பாலும் 170 பார் அளவில் நின்றுவிடும். புதிய அலகுகளில் அழுத்தம் 240 பாரை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதால், குழாய்களுக்குள் ஓடும் நீர் குமிழியிட்டுக் கொதிப்பதில்லை. நீர் எது, ஆவி எது என்று பிரிக்க முடியாதபடி சூடேறச் சூடேற அடர்த்தி குறைந்துகொண்டே போகிறது. பழைய கொதிகலனின் மேற்புறத்தில் இரண்டையும் பிரிப்பதற்கென்றே அமைந்த கனத்த டிரம் இங்கே தேவைப்படாமல் போவது இதனால்தான்.

இந்த எல்லையைச் சுட்டும் சொல்லே நமக்கு வேண்டும். ‘கிரிட்டிக்கல்’ என்பதற்கு ‘நிலைமாறு’ என்ற வழக்கும் உண்டு என்றாலும், கொதித்து நிலைமாறுவதே இல்லாத இடத்தில் அது குழப்பும். இலங்கைப் பாடநூல்களின் ‘அவதி’ எல்லை என்னும் பொருளில் செம்மையான சொல்; ஆனால் ‘மீயவதிக் கொதிகலன்’ என்றால் தமிழ்நாட்டு வாசகர் கொதிகலனுக்காக இரக்கப்படக்கூடும். மீயொலி, மீக்கடத்தி என்னும் வரிசையில் ‘மீமாறுநிலை’ என்பதே என் பரிந்துரை. பழையவை ‘கீழ்மாறுநிலை அலகுகள்’ ஆகும்.

‘அல்ட்ரா சூப்பர்கிரிட்டிக்கல்’ என்பதற்கு இயற்பியலில் தனி எல்லை கிடையாது. நீராவி 600 பாகையை நெருங்கும் அலகுகளுக்குத் தொழில்துறை இட்ட பெயர் அது. அங்கே வேறுபாடு வெப்பத்தில் இருப்பதால், ‘உயர்வெப்ப மீமாறுநிலை’ என்று நண்பரின் சொல்லைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

‘திறன்மிகு அலகு’ என்ற மாற்று வேண்டாம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரியும் நிலக்கரி குறைகிறது என்பது உண்மையே. ஆனால் பழைய அலகுகளும் தொடர்ந்து ஓடும் விரிவாக்கத்தில் நிலையம் எரிக்கும் மொத்த நிலக்கரி கூடவே செய்யும். பெயரே விளம்பரமாகிவிட்டால் அந்தக் கணக்கு வாசகர் கண்ணில் படாது.