கல்லூரி ஓவியக் கண்காட்சியில போட்டி வேணுமா? (மட்டக்களப்பு, அம்பாறை ஆக்கள் வாங்க)

வாவிக்கரையான்:
எங்கட பக்கம் ஒரு கல்லூரி வருசாவருசம் மாணவர்ர படங்களக் கண்காட்சியா வைக்கிறது தெரியும்தானே. இந்த முறை அதைப் போட்டியாக்கப் போறாங்களாம். வெளியில இருந்து ஒரு நடுவர் வந்து தெரிஞ்செடுக்கிறது மட்டும்தான் சுவர்ல தொங்கும், அதுல முதல் மூண்டுக்கும் காசு, மத்ததுகளுக்கு சேர்ட்டிபிக்கட். நோட்டீஸப் பார்த்ததுல இருந்து எனக்கு ஏறுது. கண்காட்சிக்கு வாறவன் படத்தைப் பார்ப்பான், போட்டிக்கு வாறவன் படத்துக்குப் பக்கத்துல என்ன ஒட்டியிருக்கு எண்டு பார்ப்பான். பள்ளிக்கூடச் சித்திரப் போட்டியில கண்டதுதானே, கல்லடிப் பாலம், பின்னால சூரியன், முன்னால தோணி, மூலையில ஒரு கடற்கன்னி, இதைக் கீறினா ஒரு இடம் நிச்சயம் எண்டு எல்லாப் புள்ளைக்கும் தெரியும். கல்லூரிக்கு வந்தும் அதே வேலையா?

கல்முனைக் கன்வஸ்:
அண்ணே கோவிக்காதீங்க, நீங்க சொல்றது கதைக்க நல்லா இரிக்கி. போட்டி இல்லாத கண்காட்சிக்கு ஆர் வாறாங்க? அதிதி வந்து விளக்கேத்தி ரிபன் வெட்டி போட்டோ எடுத்துட்டுப் போவார், மறுகா முடியிற வரைக்கும் ஹோல்ல வோச்சரும் மேல சுத்துற பானும்தான். நான் வாசல்ல மேசை போட்டு இருந்து பார்த்தவன். பரிசு எண்டு ஒண்டு இரிந்தா தாய் தகப்பன் வருவாங்க, மாமா மாமி வருவாங்க, தோத்தவன்ர கூட்டாளிமார் நடுவருக்கு ஏசவாவது வருவாங்க, வந்தா நாலு படத்தைப் பார்க்கத்தானே வேணும். இன்னொண்டு, இப்ப அக்ரிலிக் விக்கிற விலைக்கு ரெண்டடிக்கு மூண்டடி கன்வஸ் அடிச்சு பிரேமும் போட்டுக் கொண்டு வாற பொடியனுக்கு கைக்காசாவது திரும்பி வரணுமா இல்லையா?

வாவிக்கரையான்:
பரிசு மூண்டு பேருக்குத்தானே தம்பி. மிச்ச ஆக்கள்ர பிரேமுக்கு ஆர் காசு குடுக்கிற?

பழைய கட்லொக்:
இந்தச் சண்டை உங்கட ரெண்டு பேரோடயும் தொடங்கினது இல்ல. 1863ல பாரிஸ் சலோன் எண்ட அரச ஓவியக் கண்காட்சிட நடுவர்மார் படங்கள ஆயிரக்கணக்கில தள்ளிவிட, ஓவியர்மார் சத்தம் போட, மூன்றாம் நெப்போலியன் தள்ளுபட்ட படங்களுக்கு எண்டே தனிக் கண்காட்சி ஒண்டு வைக்கச் சொன்னான். சனம் கனபேர் சிரிக்கத்தான் போனது. ஆனா எடுவார் மனே புல்வெளியில சாப்பிட இருக்கிற ஆக்களைக் கீறின படம் தொங்கினது அந்தத் தள்ளுபட்டதுகளுக்குள்ளதான், அந்த வருசம் சலோன்ல மெடல் எடுத்தவன்ர பேரைக் கேட்டா இஞ்ச ஒருத்தரும் சொல்ல மாட்டம். கொழும்பிலயும் 1943ல லயனல் வெண்ட், ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ் ஆக்கள் '43 குழு எண்டு தனியா வந்தது வெள்ளைக்காரன்ர அகடமி ருசியால படத்தை அளக்கிறது பிடிக்காமத்தான். ஒலிம்பிக்ஸ்லயே 1912ல இருந்து 1948 வரைக்கும் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் மெடல் குடுத்தவங்க. மறுகா நிப்பாட்டிட்டாங்க. அதுல தங்கம் எடுத்த ஓவியர் ஒருத்தர்ர பேர் சொல்லுங்க பாப்பம், கூகிள் பார்க்காம.

கல்முனைக் கன்வஸ்:
கட்லொக் அண்ணே, பாதிக் கதையோட நிப்பாட்டாதீங்க. 1917ல நியூயோர்க்ல நடுவரும் இல்ல, பரிசும் இல்ல, ஆறு டொலர் கட்டினா ஆரும் வைக்கலாம் எண்டு சொல்லி ஒரு கண்காட்சி நடத்தினாங்களே, அதையும் சொல்லுங்க. டுஷாம் எண்ட பிரெஞ்சு ஓவியர் ஒரு மூத்திரக் கோப்பையில 'ஆர். மட்' எண்டு பேரெழுதி அனுப்பினதும் கமிட்டிக்காரங்க கூடிக் கதைச்சு அதை வைக்காமலே விட்டாங்க. நடுவர் இல்ல எண்டு போர்ட் போட்ட இடத்துலயும் தள்ளுறது நடக்கும், தள்ளினது ஆர் எண்டு மட்டும் தெரியாது. அதுக்கு, பேரும் முகமும் தெரிஞ்ச நடுவர் எவ்வளவோ மேல், போய்க் கேக்கலாம்.

பழைய கட்லொக்:
ஓம் அது நல்ல அடி. ஆனா அதே கண்காட்சியில படங்கள ஓவியர் பேர்ட எழுத்து வரிசையில தொங்கவிட்டவங்க, எந்த எழுத்துல தொடங்கிற எண்டதையும் குலுக்கி எடுத்தவங்க. அதை இஞ்ச செய்தா வாசலடியில ஆர்ர படம், கக்கூஸ் பக்கச் சுவர்ல ஆர்ர படம் எண்ட சண்டை அரைவாசி குறையும்.

நியூஜெர்சி களுவாஞ்சிக்குடி:
நான் இஞ்ச வேலை முடிஞ்சு பின்னேரத்துல ஒரு கொமியூனிட்டி கொலிஜ்ல வரைதல் வகுப்புக்குப் போறன், அங்க நடக்கிறதைச் சொல்றன். அந்த வருசம் ஒரு வகுப்பாவது எடுத்த ஆரும் படம் அனுப்பலாம், வயசு பார்க்கிறதில்ல, இருபது வயசுப் பொடியன்ர படத்துக்குப் பக்கத்துல பென்சன் எடுத்த ஆச்சிட சட்டி தொங்கும் (சட்டி தொங்காது, மேடையில இருக்கும், விளங்குதுதானே). ஆளுக்கு இத்தனை படம்தான் எண்டு அளவு இருக்கு, சொந்தக் கற்பனையா இருக்கணும், இன்னொருத்தர் எடுத்த போட்டோவைப் பார்த்துக் கீறினா எடுக்க மாட்டாங்க, பின்னால கம்பி போட்டுத் தொங்குறதுக்கு ரெடியாக் கொண்டு வரணும். நடுவர் கல்லூரிக்கு வெளியில ஆள், மாணவர் ஒருத்தரையும் தெரியாது. எனக்கு பிடிச்சது என்னெண்டா நடுவர் தான் ஏன் இதுகளை எடுத்தன் எண்டு ஒரு பக்கம் எழுதி வாசல் சுவர்ல ஒட்டணும், திறப்பு அண்டு ஆக்களுக்கு முன்னால நிண்டு கதைக்கவும் வேணும். பணப் பரிசை விட பெரிசா நினைக்கிறது கல்லூரியே ஒரு படத்தை விலைக்கு வாங்கி தங்கட சேகரிப்புல வைக்கிறதைத்தான், அது நூலகத்துல, ஒபிஸ்ல வருசக்கணக்கா தொங்கும். பார்க்க வாறவங்க வோட் போட்டு எடுக்கிற பரிசும் ஒண்டு இருக்கு, அது எப்பவும் நாய்க்குட்டிக்கோ பூனைக்குட்டிக்கோதான் போகும், அதை விடுங்க.

வாவிக்கரையான்:
அங்க நடுவருக்கு ஒருத்தரையும் தெரியாது. இஞ்ச? கோடு ஒண்டைப் பார்த்தாலே இது ஆர்ர கை, ஆர்ட்ட படிச்சது எண்டு சொல்லிருவாங்க. கல்லடியில விபுலானந்தா நிறுவகத்துல படிச்சிட்டு வந்த ஆக்கள், பள்ளிக்கூட ரீச்சர்மார், போர்ட் எழுதுற ஆக்கள் எல்லாரும் ஒராளுக்கு ஒராள் சொந்தமோ தெரிஞ்சதோதான். வெளியாள் எண்டு ஆரைக் கொண்டு வருவீங்க?

சித்திர ரீச்சர்:
தம்பிமார், நான் இதுக்குள்ள நிண்டு வேலை செய்த ஆள் எண்டதால ஒள்ளுப்பம் எழுதுறன். பேரை மறைக்கிறது முழுசா சரிவராது, அது உண்மை. ஆனா அதை விடப் பெரிய பிழை முதல் சுற்றுக்கு படத்தை வாட்ஸப்புல அனுப்பச் சொல்றது. போன் கமராவில நீலம் ஒரு மாதிரி பச்சை ஒரு மாதிரி விழும், கண்ணாடி போட்ட படம் எண்டா கீறினவர்ர முகமும் டியூப் லைட்டும்தான் தெரியும், நாலடிப் படமும் தபாலட்டையும் போன்ல ஒரே அளவு, கத்தியால தடிப்பாப் பூசின எண்ணெய் வர்ணம் சப்பையாகிரும். வாட்டர் கலர்க்காரருக்குத்தான் பெரிய அநியாயம். நடுவர் நேர்ல வந்து நிண்டு பார்க்க வேணும். மார்க் சீட்டுல கற்பனைக்கு இருபது வர்ணத்துக்கு இருபது எண்டு போட்டுக் கூட்டுறதும் எனக்கு உடன்பாடில்ல, எல்லாத்துலயும் நடுத்தரமா எடுத்த படம்தான் அதுல வெல்லும், ஒண்டுல உச்சத்துக்குப் போய் இன்னொண்டுல பிழைச்ச படம் விழுந்திரும். அதைத்தான் புள்ளைகள் கடற்கன்னி கடற்கன்னி எண்டு கீறுறதுக்கு காரணமாவும் நான் பார்க்கிறன். மற்றது தொங்கவிடுறது. படத்தின்ர நடு தரையில இருந்து 57 அங்குலத்துல வரணும் எண்டு மியூசியங்கள்ல ஒரு கணக்கு, நம்மட ஹோல்ல ஆணி எங்க இருக்கோ அங்க தொங்கும்.

மருதமுனைத் தறி:
நானாமாரும் அண்ணன்மாரும் கன்வஸ் கன்வஸ் எண்டே கதைக்கிறீங்க. எங்கட ஊர்ல தறியில இரிந்து நெய்யிற சாரியில வாற போடர் டிசைனை ஆர் யோசிச்சது, அது படம் இல்லையா? பன்பாய் பின்னுறவங்க சாயம் போட்டு எடுக்கிற கட்டம் கட்டமான கோலத்தை பிரேம் போட்டு ஒரு வெளிநாட்டுப் பேரையும் எழுதித் தொங்கவிட்டா நீங்களே நிண்டு பார்ப்பீங்க. வடமோடிக் கூத்துக்குக் கட்டுற கரப்புடுப்பு, அதை என்னத்துக்குள்ள சேர்ப்பீங்க? எல்லாக் கண்காட்சியிலயும் இதுகளுக்கு 'கைப்பணி' எண்டு விறாந்தையில ஒரு மேசை. பரிசும் இல்ல, நடுவர் அந்தப் பக்கம் வாறதும் இல்ல. போட்டி வேணுமா வேணாமா எண்டு நீங்க சண்டை பிடிங்க, எங்கள உள்ளுக்கு எடுக்கிறதா இல்லையா எண்டதை முதல்ல சொல்லுங்க.

கல்முனைக் கன்வஸ்:
இது நான் யோசிக்கவே இல்ல. ஆனா நெசவையும் எண்ணெய் வர்ணத்தையும் ஒரே நடுவர் எப்படிப் பார்க்கிற?

மருதமுனைத் தறி:
தென்னமரத்தையும் தாயும் புள்ளையையும் ஒரே நடுவர் பார்க்கிறார்தானே. அப்ப இதையும் பார்க்கலாம்.

வாவிக்கரையான்:
இதைத்தான் நானும் சொல்ல வாறன். கொழும்பில கலா பொல எண்ட ஓவியச் சந்தை 1993ல இருந்து ரோட்டோரத்துல நடக்குது, ஓவியன் தன்ர படத்துக்குப் பக்கத்துல தானே நிக்கிறான், போறவன் வாறவன் கேக்கிறான், பிடிச்சா வாங்குறான். காந்திப் பூங்காவில வாவிப் பக்கமா அப்படி ஒண்டு போட்டா சாரியும் தொங்கும் கன்வஸும் தொங்கும்.

கல்முனைக் கன்வஸ்:
வாங்குறவன் மட்டும் நடுவர் இல்லையா அண்ணே? அவனுக்குத்தான் கடற்கன்னி கூட வேணும், ஹோட்டல் ரிசெப்சனுக்கு.

வாவிக்கரையான்:
வாங்குறவன் மத்தவனுக்கு சேர்ட்டிபிக்கட் குடுக்காம அனுப்புறதில்லயே. பிடிக்காட்டி நடந்து போயிருவான், அவ்வளவுதான். நீ என்ன சொன்னாலும் நான் இந்த முறை படம் குடுக்கிறதா இல்ல.

சித்திர ரீச்சர்:
குடுக்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம் தம்பி. கண்காட்சி ஏற்பாட்டுக் கூட்டத்துல நான் ரெண்டு விசயம் கேட்கப் போறன், நடுவர் காரணம் எழுதி ஒட்டணும், விறாந்தை மேசை உள்ளுக்கு வரணும். முதலாமிடம் இரண்டாமிடம் எண்டதை எடுக்கச் சொல்லி நான் கேட்க மாட்டன், பரிசுக் காசு குடுக்கிற ஆக்கள் அதுக்குத்தான் குடுக்கிறாங்க.

நியூஜெர்சி களுவாஞ்சிக்குடி:
தள்ளுபட்ட படங்களுக்கும் ஒரு சுவர் கேளுங்க மிஸ், பக்கத்து வகுப்பறையில எண்டாலும்.

மருதமுனைத் தறி:
மிஸ், உள்ளுக்கு எடுக்கிற எண்டா எங்கட பக்கத்துச் சாமான் பஸ்ஸுல வராது, பொத்துவில் அக்கரைப்பற்றுப் புள்ளைகள்ர பெரிய கன்வஸையும் கொண்டக்டர் ஏத்த மாட்டான். எல்லாருக்குமாச் சேர்த்து ஒரு சின்ன லொறி பேசலாம், கல்முனை நானா உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் இரிக்கா?

கல்முனைக் கன்வஸ்:
இரிக்காங்க. என்ன திகதி எண்டு மிஸ் சொன்ன உடனே கேட்டுச் சொல்றன். வாவிக்கரை அண்ணே, லொறியில இடம் விட்டு வைக்கவா?

வாவிக்கரையான்:
வேணாம். ஏத்தி இறக்க ஆள் வேணுமெண்டா சொல்லு, வாறன்.