பழைய லேப்டாப் வாங்கி மாட்டிக்கொண்டேன், பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் முன்பின் தெரியாத ஒருவரிடம் நேரில் போய் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். கடைக்காரர் இல்லை, தனிநபர். பில் கிடையாது, ஆனால் பேசிய மெசேஜ் எல்லாம் இருக்கிறது, பணமும் வங்கி வழியாகத்தான் அனுப்பினேன்.

திரை எனக்குச் சின்னதாகப் படுகிறது. சரி, அது என் தப்பு, பார்த்துத்தானே வாங்கினேன். கடைகள் தருகிற மாதிரி, மனசு மாறினால் திருப்பிக் கொடுக்கும் வசதியைத் தனிநபரிடம் பொதுவாக எதிர்பார்க்க முடியாது என்று எனக்கும் தெரியும்.

என் கோபம் பேட்டரியில். "ஆறு மாசம் முன்னாடிதான் புதுசு மாத்தினேன்" என்று மெசேஜிலேயே எழுதியிருந்தார். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தால் சார்ஜ் சுழற்சி 900-ஐத் தாண்டியிருக்கிறது, கொள்ளளவு பாதிக்கும் கீழே. ஆறு மாசத்தில் 900 தடவையா? கேட்டால் "இருக்கிற நிலையில்தானே வித்தேன்" என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டால் பொய் சொன்னதும் சரியாகிவிடுமா?

யாராவது இப்படி மாட்டியிருக்கிறீர்களா? முழுப் பணத்தையும் கேட்பதா, இல்லை பேட்டரி மாற்றும் செலவை மட்டும் கேட்டால் சீக்கிரம் முடியுமா? எழுத்தில் ஒரு கெடு வைத்து அனுப்பினால் பலன் உண்டா? நுகர்வோர் புகார் எல்லாம் வியாபாரிகள் மேல்தான் போடலாம், இது சிவில் வழக்காகத்தான் போகும் என்கிறார் நண்பர். அப்புறம், இதற்கிடையில் நான் தொடர்ந்து பயன்படுத்தினால் பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று பயந்து மூடியே வைத்திருக்கிறேன்.