சென்ட்ஓஎஸ் 7-க்குப் பதிலாக எதைப் போடலாம்?

வணக்கம் அண்ணாச்சிமாரே. திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்த மளிகைக் கடையின் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ்தான் ஓடுகிறது. 2024 ஜூன் 30-ஓடு அதற்கு அப்டேட் நின்றுவிட்டது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஃபைல் பகிர சாம்பா, ராத்திரி பேக்கப், அவ்வளவுதான் வேலை. லைசென்ஸுக்குக் காசு என்றால் முதலாளி எழுந்து போய்விடுவார்.

சென்ட்ஓஎஸ் மாதிரியே இருக்கும் அல்மாலினக்ஸ் பழகிய கைக்குச் சுலபம். ஆனால் எனக்கு ஃப்ரீபிஎஸ்டி மேல்தான் கண்; அது லினக்ஸ் அல்லாத இன்னொரு இலவச ஓஎஸ். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் அதோடேயே வருகிறது; அப்டேட் சொதப்பினால் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம். சிக்கல் பில் பிரிண்டர்தான்: சர்வரில் சொருகிய டாட் மேட்ரிக்ஸ், கார்பன் தாளில் கரகரவென்று அடிக்கும் பழைய ஆள். ஃப்ரீபிஎஸ்டியில் கப்ஸ் என்ற பிரிண்ட் சாஃப்ட்வேர் போட்டால் அது ஒழுங்காக அடிக்குமா? பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் யாராவது ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? டெபியன் லினக்ஸே போதும் என்றாலும் சரி, காரணத்தோடு சொல்லுங்கள்.