மைண்ட் வாண்டரிங்: அலைவா, பராக்கா, வேற்றுநினைப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போதே மனம் வேறெங்கோ போய்விடுவதைக் குறிக்கும் ‘மைண்ட் வாண்டரிங்’ என்ற உளவியல் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம்மிடையே நடந்துவரும் உரையாடலில் மனஅலைவு, உளத்திரிவு, கவனச்சிதறல், பராக்கு, பொச்சாப்பு (திருக்குறளில் வரும் பழஞ்சொல், மறதியால் நேரும் சோர்வு) என ஐந்து சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. ஆயினும் இந்தச் சொல் வழங்கும் வாசிப்பு ஆய்வுகளில் உண்மையில் எது அளக்கப்படுகிறது என்பதை நாம் இன்னும் பேசவில்லை. அதைச் சொல்லிவிட்டு என் முன்மொழிவுக்கு வருகிறேன்.

வாசிக்கும்போது கண் வரியின்மேல் ஒரே சீராக நகர்வதில்லை. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் நொடி நிலைக்கிறது, பிறகு தாவுகிறது. சிறிய, பழகிய சொற்களைப் பலமுறை தொடாமலே கடந்துவிடுகிறது. அரிய சொல் வந்தால் கூடுதலாக நிற்கிறது. ஒரு சொல் எவ்வளவு பழகியது என்பதற்கும் கண் அதில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதற்கும் உள்ள இந்தத் தொடர்புதான், வாசிப்பவரின் மனம் வாசிப்பில் இருக்கிறது என்பதற்கு ஆய்வாளர் கையில் உள்ள சான்று. எரிக் ரைக்கிள், ஆண்ட்ரூ ரெய்ன்பெர்க், ஜொனதன் ஸ்கூலர் ஆகிய மூவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு கல்லூரி மாணவர்கள் ஜேன் ஆஸ்டினின் நாவல் ஒன்றைப் பல அமர்வுகளில் கணினித் திரையில் படித்தார்கள். தம் மனம் கதையில் இல்லை என்று உணர்ந்த கணத்தில் ஒரு விசையை அழுத்த வேண்டும்; இடையிடையே அவர்களிடம் கேட்கவும் செய்தார்கள். மனம் விலகியிருந்த பகுதிகளில் கண் கூடுதல் நேரம் நின்றது. ஆனால் அந்த நிற்றல், சொல் எவ்வளவு அரியது என்பதைப் பொறுத்து அமைவது குறைந்திருந்தது. கண் வரியை விட்டு நீங்கவில்லை, தாவலும் நிலைத்தலும் தொடர்ந்தன, ஆனால் கண்ணுக்கும் சொல்லுக்கும் இருந்த பிடிப்பு தளர்ந்திருந்தது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஸ்கூலரும் அவருடைய கூட்டாளிகளும் 2004 முதலே இரண்டு வழிகளில் இந்நிலையைப் பிடித்துவந்தார்கள். ஒன்று, வாசிப்பவர் தாமே உணர்ந்து சொல்வது. மற்றொன்று, எதிர்பாராத நேரத்தில் குறுக்கிட்டு, ‘இப்போது மனம் எங்கே இருந்தது?’ என்று கேட்பது. தாமே உணர்ந்து சொல்லுமாறு முன்கூட்டியே அறிவுறுத்தப்பட்டிருந்தவர்களும், குறுக்கிட்டுக் கேட்டபோது, மனம் வேறெங்கோ இருந்ததை அப்போதுதான் அறிந்தார்கள். மனம் போயிருக்கிறது என்பது ஓர் உண்மை. போனது மனத்துக்குத் தெரியவில்லை என்பது இன்னோர் உண்மை. 2008-இல் ஸ்மால்வுட் முதலானோர் ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்துச் செய்த ஆய்வில், துப்பு ஒளிந்திருக்கும் இடங்களில் மனம் விலகியிருந்தவர்களுக்குக் கதையின் இறுதியில் குற்றவாளியை இனங்காண்பது கடினமாயிற்று. எந்த இடத்தில் மனம் விலகியது என்பதே அங்கே முடிவைத் தீர்மானித்தது.

நாம் தேடும் சொல் இந்த நிலைக்கானது. கண் இடத்திலேயே இருக்கிறது. நினைப்பு வேறொன்றில் இருக்கிறது. அது நேர்ந்ததை வாசிப்பவர் அறிந்திருக்கலாம், அறியாமலும் இருக்கலாம்.

இந்த அளவுகோலில் ‘கவனச்சிதறல்’ பொருந்தாது. நாளிதழ்கள் அதைப் புறத்திலிருந்து வரும் இடையூற்றுக்கு வழங்கி நிலைநிறுத்திவிட்டன. கைப்பேசி ஒலித்தால் கவனம் சிதறுகிறது, வாகனம் ஓட்டும்போது சிதறுகிறது. ஆனால் கைப்பேசி அருகில் இல்லாத அறையிலும், கதவு மூடியிருக்கும்போதும் மனம் விலகும். டெல்காடோ, சல்மெரோன் இருவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே உரையைச் சில மாணவர்கள் தாளிலும் சிலர் திரையிலும் படித்தார்கள். சிலருக்கு நேரக் கட்டுப்பாடு இருந்தது, சிலருக்கு இல்லை. நேரம் நெருக்கியபோது தாளில் படித்தவர்கள் மனத்தைக் கூடுதலாக வாசிப்பில் நிறுத்தினார்கள். திரையில் படித்தவர்களிடம் அந்த மாற்றம் ஏற்படவில்லை. இவ்விருவரும் 2018-இல் வேறு சிலருடன் சேர்ந்து, 2000 முதல் 2017 வரையிலான 54 ஆய்வுகளைத் தொகுத்து, 1,70,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு, தகவல் உரைகளில் தாள் வாசிப்பே புரிதலில் சற்று முந்துகிறது என்றும், கதை உரைகளில் அந்த வேறுபாடு தென்படவில்லை என்றும் காட்டியிருந்தார்கள். இளைஞர்களின் வாசிப்பு குறித்து இன்று தமிழில் எழுதப்படும் பெரும்பாலான கட்டுரைகள் இந்த அகநிலை விலகலையும் கைப்பேசியின் குறுக்கீட்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகின்றன. இரண்டுக்கும் இரண்டு சொற்கள் வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை.

‘பராக்கு’ என் மனத்துக்கு மிகவும் நெருங்கிய சொல். அதை முன்மொழிந்த அம்மையார் சொன்னதுபோல, ஈழத்திலும் தமிழகத்திலும் ஒருங்கே வழங்குவது. ‘பராக்குப் பார்க்காமல் படி’ என்று கேட்காத பிள்ளை இல்லை. அரசன் வரும்போது ‘பராக்! பராக்!’ என்று கட்டியக்காரன் கூவியது கவனத்தை அழைப்பதற்கு. வீட்டில் அதே சொல் கவனமின்மையைக் குறிக்கிறது. இந்த எதிரும் புதிருமான வரலாறு தனியாக ஒரு கட்டுரைக்கு உரியது. ஆனால் பராக்குப் பார்ப்பவரின் கண்ணை நினைத்துப் பாருங்கள். அது புத்தகத்தை விட்டுச் சன்னலுக்குப் போகிறது, தெருவில் போகும் வண்டியின் பின்னால் போகிறது, மனத்தையும் கூடவே இழுத்துச் செல்கிறது. நாம் பெயர் தேடும் நிலையிலோ கண் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆகவே பராக்கு என்பதைப் புறஈர்ப்புக்கு ஒதுக்கிவிடலாம். அங்கே அதைவிடச் சிறந்த சொல் இல்லை.

‘பொச்சாப்பு’ என்பதை எழுதிய ஐயாவின் புலமைக்கு என் வணக்கம். ஆனால் ‘இறந்த வெகுளியின் தீதே’ என்று தொடங்கும் குறள், அளவு மீறிய சினத்தைவிடக் கேடானது என்று அந்தச் சோர்வைச் சொல்கிறது. பொச்சாவாமை அதிகாரம் முழுவதும் அதைக் குற்றமாகவே வைத்துப் பேசுகிறது. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010-இல் 2,250 பேரிடம் கைப்பேசி வழியே நாளின் பல வேளைகளில் கேட்டபோது, ஏறத்தாழ 47 விழுக்காட்டு வேளைகளில் அவர்களின் மனம் செய்துகொண்டிருந்த செயலில் இல்லை. விழித்திருக்கும் பொழுதில் பாதிக்குச் சற்றே குறைவாக நிகழும் ஒன்றைக் குற்றப் பெயரால் அழைப்பது அறிவியலுக்குப் பொருந்தாது. குறை, பிறழ்வு, சோர்வு என முடியும் எந்தச் சொல்லையும் நான் இதே காரணத்துக்காக மறுப்பேன்.

‘மனஅலைவு’ என்பதற்கு ஆதரவு மிகுதி என்பதை அறிவேன். பள்ளி இயற்பியலில் அலைவு என்றால் ஊசலின் ஆட்டம், அதற்கு அலைவுக்காலம் உண்டு. மனம் போவது அப்படி ஒழுங்காகத் திரும்பி வருவதில்லை. ‘திரிவு’ என்பதில் பால் திரிவதன் கெடுதல் கலந்துவிடுகிறது. இருந்தாலும் அலைவுக்காக வாதிட்டவர் சொன்ன ஒரு கருத்து வலுவானது. கலினா கிறிஸ்டாஃப் முதலானோர் 2016-இல் முன்வைத்த கருத்துப்படி, இந்த நிலையின் சாரம் எண்ணம் எதைப் பற்றியது என்பதில் இல்லை, அது கட்டுப்பாடின்றி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்வதில்தான் இருக்கிறது. ‘சென்ற இடத்தால் செலவிடா’ என்ற குறளும் மனத்தின் செலவையே, அதன் போக்கையே பேசுகிறது. அந்தப் பொருளில் எழுதுவோர்க்கு ‘மனவுலா’ போன்ற ஒரு சொல் தேவைப்படும். வாசிப்பு ஆய்வுகளில் பெரும்பாலும் கேட்கப்படுவது நகர்வைப் பற்றி அன்று. படிக்கும் பொருளில் மனம் இருந்ததா, வேறு பொருளில் இருந்ததா என்பதுதான்.

இனி என் அடிப்படை நிபந்தனை. இயற்பியலில் ஒரு கலைச்சொல்லை அணு புரிந்துகொள்ளத் தேவையில்லை. உளவியலில், அதுவும் இந்த ஆய்வு முறையில், ஆய்வுக்கு உட்படும் பிள்ளைதான் கேள்வியைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் ‘உங்களுக்கு உளத்திரிவு நேர்ந்ததா?’ என்று கேட்டால் அவள் விழிப்பாள். ‘பராக்குப் பார்த்தாயா?’ என்று கேட்டால் திட்டுவதாக எண்ணி இல்லை என்பாள். முதல் சொல்லால் பதில் கிடைக்காது, இரண்டாவதால் பொய்ப்பதில் கிடைக்கும். கேள்வியின் சொல்லும் கட்டுரையின் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தால் இந்த இடைவெளி குறையும்.

சாப்பிடும் தட்டில் கை வைத்தபடியே இருக்கும் பிள்ளையிடம் வீட்டில் என்ன சொல்வார்கள்? ‘வேற நினைப்புல சாப்பிடுற’ என்பார்கள். அதில் கண்டிப்பு இருந்தாலும் சொல்லில் பழி இல்லை. இதிலிருந்து வேற்றுநினைப்பு என்ற சொல்லை முன்மொழிகிறேன். வேற்றுமொழி, வேற்றூர், வேற்றாள் என்பவற்றின் அமைப்பே இதற்கும். முதலில் ‘வேற்றுநினைவு’ என்றுதான் எழுதி வைத்திருந்தேன். நினைவாற்றல், நினைவகம் என நினைவு இன்று ஞாபகத்துக்கே உரியதாகிவிட்டதால், நிகழாததை நிகழ்ந்ததாக நினைவுகூரும் நிலையோடு அது குழம்பும் என்று நண்பர் ஒருவர் தனி மடலில் எச்சரித்தார். அது சரியான எச்சரிக்கை. ‘அவருக்கு ரொம்ப நினைப்பு’ என்றால் செருக்கு என்றும் பொருள்படுமே என்று கேட்கலாம். வேற்று என்ற அடை முன்னால் நிற்கும்போது அந்தப் பொருள் எழுவதில்லை.

இதிலிருந்து கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. வாசிப்பவர் தாமே உணர்ந்தது தானறிந்த வேற்றுநினைப்பு. குறுக்கிட்டுக் கேட்டுப் பிடித்தது கேட்டறிந்த வேற்றுநினைப்பு. பால் செலி முதலானோர் 2016-இல் வலியுறுத்திய வேறுபாட்டுக்கு, தானாக வந்த வேற்றுநினைப்பு என்றும், சலிப்பான பாடத்திலிருந்து மனத்தை வேண்டியே எடுத்துச் சென்றதை வருவித்த வேற்றுநினைப்பு என்றும் சொல்லலாம். வா, வருவி என்ற தன்வினை, பிறவினை இணையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கண் ஓடிக்கொண்டிருக்க மனம் கொள்ளாத வாசிப்புக்கு ‘வெற்று வாசிப்பு’ என்று வந்த யோசனை அழகானதுதான். ஆனால் வேற்று, வெற்று என இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் அச்சுப்பிழையாகவே தோன்றும். மனங்கொளா வாசிப்பு என்று வைக்கலாம். மனங்கொள் என்பது நமக்குப் பழகிய வினை, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக அது இயல்பாக நிற்கிறது.

தன் மனம் விலகியிருப்பதைத் தானே அறியும் அந்த மேல்நிலை உணர்வுக்கு மட்டும் எனக்கு இன்னும் நிறைவான சொல் கிடைக்கவில்லை. ‘தன்னிலையறிவு’ என்று எழுதிப் பார்த்தேன். அது தன்னைப் பற்றிய பொதுவான அறிவாகிவிடுகிறது. இதில் உங்கள் உதவி வேண்டும்.

வாசிப்பின் இடையே மணி ஒலித்துக் குறுக்கிட்டபின் கொடுக்கும் கேள்வித்தாளுக்கு என் வரைவு இது: ‘மணி ஒலித்தபோது நீங்கள் படித்துக்கொண்டிருந்ததைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தீர்களா, அல்லது வேறு நினைப்பில் இருந்தீர்களா? வேறு நினைப்பில் இருந்தால், அது மணி ஒலிக்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருந்ததா?’ யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலேசிய நண்பர்கள் இதைத் தம் ஊர்ப் பிள்ளைகளிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அங்கே ‘நினைப்பு’ இயல்பாக விழுகிறதா, ‘யோசனை’ என்று மாற்றினால்தான் விளங்குகிறதா என்று எழுதினால், வரைவைத் திருத்தி மீண்டும் அனுப்புகிறேன்.