ஈரல் புற்றுநோயும் புரதம் ஆக்காத ஆர்.என்.ஏ.யும்: யாழ்ப்பாணத்துக்கு இப்ப தேவையோ?

நிலா (கோண்டாவில்):
புரதம் ஆக்காத ஆர்.என்.ஏ.யில (மரபணுவில இருந்து நகலெடுத்தாலும் புரதம் செய்யப் பயன்படாத மூலக்கூறுகள்) ஆராய்ச்சி செய்யிறது காசைக் கரைக்கிற வேலை எண்டு ராசன் அண்ணை வேறொரு இழையில எழுதியிருந்தார். என்னால ஏற்க முடியேல்லை. இதில சின்ன வகை மைக்ரோ ஆர்.என்.ஏ., மற்ற மரபணுக்களின்ர வேலையை அடக்கிறது. ஈரல் கலத்தில இருக்கிற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில ஏறக்குறைய 70 வீதம் மிர்-122 எண்ட ஒண்டுதான். அதின்ர மரபணுவை நீக்கின எலிகளுக்கு முதல் ஈரலில கொழுப்பு படிஞ்சது, பிறகு அழற்சி, தழும்பு, கடைசியில புற்றுநோய். 2012இல வெளிவந்த ஆய்வுகள் இவை. எங்கட சனத்துக்கு வாற வழியும் இதுதானே அண்ணை? ஈரல் புற்றுநோயை உண்டாக்கிற ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இலங்கையில குறைவு. ஈரல் புற்றுநோயோட வாற கனபேருக்குப் பின்னால கொழுப்பீரல், சலரோகம், குடி.

ராசன் (சுன்னாகம்):
தங்கச்சி, எலியை விடுங்கோ, மனுசரில என்ன நடந்தது? கட்டியை அடக்கிற மிர்-34ஏ எண்ட இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.யைச் செயற்கையாச் செய்து, கொழுப்புக் குமிழுக்குள்ள அடைச்சு, எம்.ஆர்.எக்ஸ்.34 எண்டு 2013இல ஆக்களுக்கு ஏத்தத் தொடங்கினாங்கள். ஈரல் புற்றுநோயாளரும் அதில இருந்தவை. நோயெதிர்ப்பு முறை கட்டுமீறி உயிரிழப்பும் வந்ததால 2016இல நிப்பாட்டினது. சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகிற நோய்) உள்ள ஆளுக்கு 6 மாதத்துக்கு ஒருக்கா ஸ்கான் செய்தால் கட்டியைச் சின்னனிலேயே பிடிக்கலாம். நெடுந்தீவில இருந்து படகேறி வாற ஆளுக்கு அந்த ஸ்கான் தவறாமக் கிடைக்கட்டும் முதல்.

பருத்தித்துறை வாசகர்:
இடையில ஒண்டு. ஹெபடைட்டிஸ் சி வைரஸ் பெருகிறதுக்கும் இதே மிர்-122 வேணும். அந்த மிர்-122ஐக் கட்டிப்போடுற மிராவிர்சென் ஊசியால நோயாளரின்ர ரத்தத்தில வைரஸ் குறைஞ்சதெண்டு 2013இல வந்தது. ஆனா நிலா சொன்ன எலிகளில அது இல்லாமப் போய்த்தான் புற்றுநோய் வந்தது. அதால மிர்-122ஐக் கூட்டினாலும் குறைச்சாலும் கவனம் வேணும். இதை மருந்தாக்கிறது லேசில்லை.

நிலா:
நான் மருந்தைச் சொல்லேல்லை, பரிசோதனையைத்தான் சொல்லுறன். ஈரல் புற்றுநோய்க்கு ரத்தத்தில இப்ப பாக்கிற ஏ.எஃப்.பி. எண்ட புரதம் கனபேருக்குக் கட்டி சின்னனா இருக்கேக்க ஏறாது. சீனாவில ஈரல் புற்றுநோயைக் கண்டுபிடிக்க 7 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைச் சேர்த்து ரத்தத்தில பாக்கிற முறையை 2011இல வெளியிட்டவை. ரத்தத்தில அதுகள் புரதத்தோட ஒட்டியோ கலங்கள் வெளிவிடுற நுண்பைகளுக்குள்ளயோ இருக்கிறதால லேசில சிதையாது.

ராசன்:
சீனாவில பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் பி நோயாளர். எங்கட கொழுப்பீரல்காரருக்கு அந்தக் கணக்குப் பொருந்துமோ?

நிலா:
அதைத்தான் அண்ணை இஞ்ச சோதிக்க வேணும் எண்டுறன்! வேற ஆரும் எங்களுக்காகச் செய்து தரப்போறதில்லை. ஸ்கானுக்கு வாற நாளிலேயே ஒரு குழாய் ரத்தமும் எடுத்து உறைய வைப்பம். பிறகு ஆருக்குக் கட்டி வந்ததெண்டு பாத்து, பழைய ரத்தத்தைத் திருப்பிப் பாக்கலாம்.

ராசன்:
அப்பிடியெண்டால் ஸ்கானுக்கு ஆர் வந்தது, ஆர் வராம விட்டது எண்ட பதிவேட்டை முதல் தொடங்குங்கோ. அதுக்கு நானும் வாறன். அது இல்லாமல் குளிரூட்டிக்கு மட்டும் காசு கேட்டால் திரும்பவும் எதிர்த்துத்தான் எழுதுவன்.