மர பாடி ரெசொனேட்டர்: முதலில் தவறாக வாங்கினேன், பிறகு சரியாக

2019-இல் அமெரிக்காவின் ராலியில் நடந்த ப்ளூகிராஸ் என்ற நாட்டுப்புற இசை விழாவில்தான் டோப்ரோவை, அதாவது உள்ளே இருக்கும் உலோகக் கூம்பால் ஒலியைப் பெருக்கும் ரெசொனேட்டர் கிடாரை, முதன்முதலாகப் பக்கத்தில் நின்று கேட்டேன். தெருவோரத்தில் ஒரு பெரியவர் கிடாரை மடியில் மல்லாக்கக் கிடத்தி, எஃகுக் கட்டை ஒன்றைக் கம்பிகளின் மேல் வழுக்கவிட்டு வாசித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் கச்சேரியில் கேட்ட கோட்டுவாத்தியம் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது. அதே வழுக்கல், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அறுபடாமல் போகும் அதே இழுப்பு. அங்கே கருங்காலிக் கட்டை, இங்கே எஃகு, அவ்வளவுதான். நாமும் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அந்த அவசரத்தில்தான் தப்பு நடந்தது. பழைய கிடார் ஒன்று 350 டாலருக்கு வந்தது. மர பாடி, நடுவில் சல்லடை மாதிரி ஓட்டை போட்ட வட்டத் தகடு, பார்க்க அவ்வளவு அழகு. வீட்டில் வந்து சாதாரண கிடார் போலப் பிடித்தால் கை சுற்றிவரவே இல்லை. நெக், அதாவது கிடாரின் கழுத்து, சதுரமாக இருந்தது. கம்பிகளோ விரலால் அழுத்தவே முடியாத உயரத்தில் நின்றன. மடியில் வைத்து வாசிப்பதற்கென்றே செய்த கிடார் அது. நான் ஆசைப்பட்டதோ டெல்டா ப்ளூஸ் பாணி: சுண்டுவிரலில் ஸ்லைடு என்கிற கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு, மற்ற விரல்களால் கார்டும் (பல சுரங்களைச் சேர்த்து) பிடிக்க வேண்டும். விற்றவர் பொய் எதுவும் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை. வாங்கப் போகிறவர்கள் மரமா உலோகமா என்று யோசிக்கும் முன்பே, நெக் சதுரமா உருண்டையா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்த முறை அவசரப்படவில்லை. இந்தக் கிடாருக்குள் என்னதான் இருக்கிறது என்று முதலில் படித்தேன். மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் கிடாருக்கு வராத காலத்தில், இசைக்குழுவின் சத்தத்துக்கு நடுவே கிடார் கேட்க வேண்டும் என்பதற்காகப் பிறந்தது இது. ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய ஜான் டோப்யெரா லாஸ் ஏஞ்சலஸில் 1927 வாக்கில் மூன்று அலுமினியக் கோன்கள் (மெல்லிய கூம்புத் தகடுகள்) வைத்த கிடாரை நேஷனல் நிறுவனத்தில் கொண்டுவந்தார். கொஞ்ச காலத்தில் அங்கிருந்து விலகி, சகோதரர்களோடு டோப்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். டோப்யெரா பிரதர்ஸ் என்பதன் சுருக்கம்தான் டோப்ரோ. அவர்கள் மொழியில் அதற்கு நல்லது என்றும் பொருள்.

ஒற்றைக் கோன் கிடாரில் இரண்டு வகை உண்டு. டோப்ரோ வகையில் கோன் கிண்ணம் போல நிமிர்ந்து இருக்கும். அதன் மேல் சிலந்தி போல எட்டுக் கால் விரித்து, கம்பிகளைத் தாங்கும் உலோகப் பிரிட்ஜ், அதனால் பெயரும் ஸ்பைடர். நேஷனல் வகையில் கோன் கவிழ்த்த கிண்ணம். உச்சியில் ஒரு வட்ட மரத்துண்டு உட்கார்ந்திருக்கும், அதை பிஸ்கட் என்கிறார்கள். மர பாடி இரண்டு வகையிலும் கிடைக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு, என் சொந்த ஸ்லைடை எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். இரண்டு மணி நேரம் உட்கார விட்டார்கள். மூன்று கிடார்களை வாசித்துப் பார்த்தேன், மூன்றும் உருண்டை நெக். இரும்பு பாடி பிஸ்கட் கணீரென்று இருந்தது, ஆனால் ஸ்லைடு கம்பியில் உரசும் சத்தம், தெரியாமல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) இடிக்கும் சத்தம் எல்லாம் சேர்ந்தே கணீரென்று வந்தன. எடையும் அதிகம். மர பாடி ஸ்பைடரில் நாதம் நீண்டு நின்றது, கொஞ்சம் மூக்கால் பாடுகிற மாதிரி. மர பாடி பிஸ்கட்டில் சுரம் பட்டென்று எழுந்து சீக்கிரம் அடங்கியது, ஆனால் உரசல் கூர்மையாகக் குத்தவில்லை. ஒருநாளில் ஒரு மணி நேரம் பிழையாக வாசிக்கப்போகிறவனுக்கு இது பெரிய விஷயம். அதையே எடுத்தேன். மரம் சுருதிப் பிழையை மறைத்துவிடும் என்று மட்டும் யாரும் நம்ப வேண்டாம். பிசகினால் பிசகுதான்.

ஒரு மாதத்தில் மூன்றாம் கம்பியில் ஒரு கிர்ர்ர். தகட்டின் திருகுகளை முறுக்கிப் பார்த்தேன், போகவில்லை. கம்பிகளைத் தளர்த்தி, தகட்டைக் கழற்றி, கோன் இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு மெதுவாகத் தூக்கினேன். கோனைத் திருகு எதுவும் பிடித்திருக்கவில்லை. மர விளிம்பின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, கம்பிகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைக்கிறது. விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு மரச்சீவல் ஒட்டியிருந்தது. துணியால் துடைத்து, கோனை அதே இடத்தில் வைத்து மூடினேன். கிர்ர்ர் போயே போச்சு. கோன் மிக மெல்லிய தகடு. கட்டைவிரலால் அமுக்கினாலே நசுங்கிவிடும், ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

கம்பி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். கூடவே வந்த கம்பிகள் மெல்லியவை. ஸ்லைடு கொஞ்சம் அழுந்தினாலே ஃப்ரெட்டில் போய் இடித்தது. தடிமன் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 13-இல் தொடங்கி 56-இல் முடியும் செட் போட்ட பிறகுதான் கை நிதானத்துக்கு வந்தது.

இப்போது ஓப்பன் ஜி-யில், அதாவது எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும்படி டி ஜி டி ஜி பி டி என்று சுருதி சேர்த்திருக்கிறேன். ஸ்லைடைச் சரியாக ஃப்ரெட் கம்பியின் நேர் மேலே நிறுத்த வேண்டும், விரலால் அழுத்துவது போல அதற்கு முன்னால் அல்ல. காதைப் பழக்க நான் செய்வது இது. தம்புரா ஆப்பில் ஜி சுருதி போட்டுக்கொண்டு, முதல் கம்பியின் 5-ஆம் ஃப்ரெட்டை சட்ஜமமாக வைத்து மாயாமாளவகௌளையில் ச ரி க ம ப வரை ஏறி இறங்குகிறேன். பஞ்சமம் 12-இல் வரும். ஆள்காட்டி விரல் ஸ்லைடுக்குப் பின்னால் கம்பியைத் தொட்டுக்கொண்டே வர வேண்டும், இல்லையென்றால் வேண்டாத ஓசை கூடவே பேசும். காந்தாரமும் மத்திமமும் ஓரளவு வந்துவிட்டன. ரிஷபம் இன்னும் ஒரு மயிரிழை ஏறியே நிற்கிறது.