லவக ஆபீஸில் ஒரிஜினல் பேப்பரைக் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? திரும்பி வந்ததா?

ரங்கூன் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். போன செவ்வாய்க்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு லவக ஆபீஸுக்கு, அதாவது பர்மாவில் அடையாள அட்டை கொடுக்கும் குடிவரவு ஆபீஸுக்குப் போனேன். இது ஐந்தாவது தடவை. 10 வயதில் வந்திருக்க வேண்டிய அடையாள அட்டையே அவளுக்கு வரவில்லை. இப்போது 18 முடிந்துவிட்டது.

காலை எட்டு மணிக்கே போய் உட்கார்ந்தும் எங்களைக் கூப்பிடும்போது பதினொன்றரை. அதிகாரி அம்மா விண்ணப்பத்தை வாங்கினார். இனம் என்ற கட்டத்தில் என் மகள் தன் கையால் ‘தமிழ்’ என்று பர்மிய எழுத்தில் எழுதியிருந்தாள். அவர் அதைப் படித்துவிட்டு, பேனாவை எடுத்து ஒரே கோடாக அடித்தார். மேலே ‘இந்தியா’ என்று எழுதினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மகள் இந்தியாவைப் பார்த்தது இல்லை. நான் பார்த்தது இல்லை. என் அப்பாவும் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்புறம் தாத்தா பேப்பரைக் கேட்டார். தாத்தா 1948 சட்டப்படி குடியுரிமைக்கு மனுப் போட்டவர். அந்த மனு ரசீது எங்கள் வீட்டில் ஓவல்டின் டப்பாவில் இருக்கிறது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து நாலு துண்டாகி, பின்னால் டேப் ஒட்டி வைத்திருக்கிறோம். டேப் போட்ட இடமெல்லாம் தேன் நிறத்துக்கு மாறிவிட்டது. அதை எடுத்துக் காட்டினேன். “இதை வைத்துவிட்டுப் போங்கள், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும்” என்றார். ரசீது கொடுப்பீர்களா என்று கேட்டேன். அப்படி வழக்கம் இல்லை என்றார்.

எனக்குக் கை வரவில்லை. பேப்பரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் மகள் என்னோடு பேசவில்லை. அவளுக்குக் காலேஜ் இருக்கிறது, பாஸ்போர்ட் எடுக்க ஆசை இருக்கிறது. கொடுத்திருந்தால் நடந்திருக்குமோ என்று இரவெல்லாம் மனசு அரித்தது. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

மோல்மேன் பெரியவர்

தங்கச்சி, கொடுக்காமல் வந்தது நல்லது. சர்க்கார் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்த கதை எங்கள் வீட்டில் இருக்கிறது, சொல்கிறேன்.

அப்பாவுக்குக் கொட்டைப்பாக்கு வியாபாரம். 1985 நவம்பர் 3ஆம் தேதி, 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று திடீரென்று அறிவித்தார்கள். ஓர் அளவு வரைக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா வரிசையில் நின்று கொடுத்தார். அந்த அளவுக்குப் புது நோட்டு வந்தது, மிச்சம் போனது போனதுதான். ஒரு வாரத்தில் 75 கியாட் நோட்டு விட்டார்கள். அப்போது நாட்டை ஆண்ட நெ வினுக்கு 75 வயது என்பதற்காக விட்டது என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். “ஒரு தடவை செய்துவிட்டார்கள், இனிமேல் செய்யமாட்டார்கள்” என்று சொல்லி, அப்பா சேர்த்ததையெல்லாம் அந்த 75 நோட்டாகவே சேர்த்தார்.

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. 25, 35, 75 மூன்றும் செல்லாது. இந்தத் தடவை மாற்றிக்கொடுக்கவும் இல்லை. நாட்டில் புழங்கிய பணத்தில் முக்கால்வாசி அன்றைக்கே வெறும் தாளாகிவிட்டது.

நான் அப்போது எட்டாவது படித்தேன். அம்மா பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து நோட்டையெல்லாம் பாயில் பரப்பினாள். எல்லாம் புது நோட்டு, மடிப்புக்கூட விழாதது. அப்பா எண்ணினார். எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினார். செல்லாத பணத்தை எதற்கு எண்ணுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அந்த வருஷம் பாக்கு கொடுத்த தோட்டக்காரர்களுக்கு எவ்வளவு பாக்கி என்று அதை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். கடனை அடைக்க ஐந்து வருஷம் ஆனது.

அதற்குப் பிறகு 45, 90 என்று நோட்டு வந்தது. இரண்டும் ஒன்பதால் வகுபடும் எண், ஒன்பது நெ வினுக்கு ராசி என்று ஊர் முழுக்கப் பேச்சு. கடையில் சில்லறை கொடுக்க நாங்கள் ஒன்பதாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தோம்.

அம்மா கடைசிவரை வீட்டில் ரொக்கம் வைக்கவில்லை. கொஞ்சம் காசு சேர்ந்தால் ஒரு மோதிரம். தங்கத்தை ரேடியோவில் செல்லாது என்று சொல்ல முடியாது என்பாள். உன் தாத்தா ரசீது தங்கம் மாதிரி. டப்பாவிலேயே இருக்கட்டும்.

வியாசர்பாடி பேரன்

நான் மெட்ராஸிலிருந்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எங்கள் ஆயா 1964ல் கடையை சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு கப்பலில் வந்தவர். அந்த மே மாதமும் 50, 100 நோட்டு செல்லாமல் போனது, பெரியவர் சொன்னதற்கும் முன்னால். துறைமுகத்தில் கழுத்திலும் காதிலும் கிடந்ததைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்களாம். அந்தச் சீட்டு இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. நகை வரவில்லை. அக்கா ரசீது கேட்டது சரிதான். ஆனால் ரசீது இருந்தும் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பெகு மருமகள்

டீச்சர் அக்கா, என் கதை பேப்பர் கொடுத்த கதை இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என்னுடையது நீல அட்டை, இணைக் குடியுரிமை. நம்பருக்கு நடுவில் அடைப்புக்குள் ‘எ’ என்று போட்டிருக்கும். முழுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் ‘நைங்’ என்று இருக்கும். பர்மிய மொழியில் இந்த ‘எ’ என்றால் விருந்தாளி. நான் பிறந்தது பெகு ஆஸ்பத்திரியில்.

எனக்கு இரண்டாவது பிரசவம் ஆனபோது அம்மா பெகுவிலிருந்து வந்து ரங்கூனில் எங்களோடு தங்கினாள். 2021 மழைக்காலம். வீட்டில் வெளியாள் ராத்திரி தங்கினால் வார்டு ஆபீஸில் எழுதிவைக்க வேண்டும் என்பதை 2016ல் எடுத்துவிட்டார்கள் இல்லையா? அதை 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்களுக்குத் தெரியும். பிள்ளை பெற்ற வீட்டில் அன்றைக்கு மறந்துபோனது.

ராத்திரி பதினொன்று இருக்கும், கதவைத் தட்டினார்கள். டார்ச் லைட்டோடு ஆறேழு பேர். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்கள். குடும்பப் பட்டியலைக் கேட்டார்கள். ஒவ்வொரு பெயராகப் படித்து ஒவ்வொரு முகமாக டார்ச் அடித்தார்கள். தொட்டிலிலும் அடித்தார்கள். குழந்தைக்குப் பிறந்து ஒன்பது நாள், இன்னும் பட்டியலில் பெயர் ஏறவில்லை. “இது யார்?” என்று கேட்டார்கள்.

அம்மாவுக்கு நடுக்கம் நிற்கவில்லை. டீக்காசு கொடுத்து அனுப்பினோம். மறுநாள் வார்டு ஆபீஸுக்குப் போய் விருந்தாளிப் பட்டியலில் அம்மா பெயரை எழுதினேன். பட்டியலின் தலைப்பிலும் அதே ‘எ’தான். அம்மாவுக்கும் நீல அட்டை. அட்டையிலும் விருந்தாளி, மகள் வீட்டிலும் விருந்தாளி என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். என்னைக் குளிப்பாட்டவும் பத்தியம் போடவும் வந்தவள் அக்கா அவள்.

தாம்வே தம்பி

2021ல் நான் ஏடிஎம் வரிசையில் நின்றதைச் சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் போனால்தான் டோக்கன். சில நாள் டோக்கன் வாங்கினாலும் மிஷினில் பணம் தீர்ந்துவிடும். கணக்கில் பணம் இருக்கிறது, போனில் பார்த்தால் எண் தெரிகிறது, கையில் எடுக்க முடியாது. அப்பா டயாலிசிஸில் இருந்தார், அங்கே ரொக்கம் கேட்டார்கள். கடைசியில் கணக்கிலிருந்து ஒருவருக்குப் போட்டுவிட்டு, கமிஷன் பிடித்துக்கொண்டு அவர் தந்த ரொக்கத்தை வாங்கினேன். என் பணத்தை நானே காசு கொடுத்து வாங்கினேன்.

2003 பிப்ரவரியிலும் தனியார் பேங்குகளில் இதே மாதிரிதான் ஆனது என்று அப்பா அந்த வரிசையிலேயே சொன்னார். கேட்காமல் பேங்கில் போட்டது என் தப்பு என்று அவரிடம் சொன்னேன். சம்பளமே பேங்கில் போடுகிறார்கள், நீ என்ன செய்வாய் என்றார்.

தட்டோன் கடைக்காரர்

டீச்சரம்மா, உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். நான் கொடுத்தேன். திரும்பி வந்தது. 14 மாதம் ஆனது.

என் அப்பாவின் பழைய எஃப்.ஆர்.சி. புத்தகம், வெளிநாட்டார் பதிவு. வருஷா வருஷம் பணம் கட்டி முத்திரை வாங்கிய பக்கங்கள். அதைக் கொடுத்துவிட்டு நானும் தூங்கவில்லை. ஆனால் அந்த ஆபீஸில் வயதான கிளார்க் ஒருவர், பர்மாக்காரர், நான் கேட்காமலே லெட்ஜரில் பக்கம் பக்கமாக எண்ணி எழுதி, என்னையும் கையெழுத்துப் போடச் சொல்லி, அந்த லெட்ஜர் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள் என்றார். “நான் அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிவிடுவேன், அதற்குப் பிறகு இங்கே யாருக்கும் இது தெரியாது” என்றார். அவர் சொன்னபடியே ஆனது. புதிதாக வந்தவர் அப்படி ஒரு புத்தகம் இல்லவே இல்லை என்றார். படத்தைக் காட்டினேன். இரண்டு மணி நேரம் தேடிக் கொடுத்தார்கள். அட்டை போட்ட கயிறு அறுந்திருந்தது, பக்கம் எல்லாம் சரி.

ஆகவே எல்லாரும் மோசம் என்று சொல்ல என் வாய் வராது. அந்தக் கிளார்க் ஒரு பைசா வாங்கவில்லை. வெற்றிலைகூட வாங்கிக்கொள்ளவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது: ரசீதை வக்கீலிடம் காட்டி, ஒரிஜினலைப் பார்த்தேன் என்று அவர் முத்திரை போட்ட நகல் நாலு எடுங்கள். 1982 குடியுரிமைச் சட்டத்தில் பேரப்பிள்ளைத் தலைமுறைக்கு முழுக் குடியுரிமை உண்டு, ஏழாம் பிரிவு. பர்மிய மொழியில் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். சண்டை வேண்டாம். “சயாமா (அம்மா), இதைக் கொஞ்சம் பாருங்கள்” என்று மேஜையில் வையுங்கள். எழுத்தில் பார்த்தால் சிலர் இறங்கி வருகிறார்கள்.

ஓர் அம்மா

ஊரையும் பெயரையும் எழுதவில்லை.

என் மகன் அட்டைக்காக நாங்கள் ஆறு வருஷம் அலைந்தோம். பிறந்த சான்று சரியில்லை, தாத்தா பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, இன்றைக்கு ஆள் இல்லை, திங்யான் (பர்மியப் புத்தாண்டு) முடிந்து வா. ஆறு வருஷம்.

2024 பிப்ரவரி 10ஆம் தேதி, 18 முதல் 35 வயது ஆண்களைப் பட்டாளத்துக்கு எடுக்கும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். கொஞ்ச நாளில் வார்டு ஆபீஸிலிருந்து பட்டியல் வந்தது. அதில் என் பிள்ளை பெயர் இருந்தது. அவன் அப்பா பெயர், தாத்தா பெயர், பிறந்த தேதி, எல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது.

யாரும் அட்டை கேட்கவில்லை. யாரும் தாத்தா பேப்பர் கேட்கவில்லை. நீ எந்த இனம் என்று கேட்கவில்லை.

அவன் இப்போது இங்கே இல்லை. அதற்கு மேல் எழுதமாட்டேன்.

மோல்மேன் பெரியவர்

அம்மா, எழுதாதீர்கள். பிள்ளை நல்லா இருக்கட்டும். மற்றவர்களும் வார்டு நம்பர், தெருப் பெயர் எதையும் இங்கே போட வேண்டாம்.

பெகு மருமகள்

அம்மா, படித்துவிட்டு அழுதுவிட்டேன். எங்கள் வீட்டிலும் 17 வயதில் ஒருவன் இருக்கிறான், என் தம்பி. அடுத்த மாசி மாதம் 18.

ரங்கூன் டீச்சர்

எழுதிய எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து இப்போதுதான் வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தட்டோன் அண்ணன் சொன்னபடி வக்கீல் முத்திரையோடு நாலு நகல் எடுத்தேன். ஆபீஸுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைப் பையன் சட்டத்தின் ஏழாம் பிரிவை ஏற்கனவே அச்செடுத்து அடுக்கி வைத்திருக்கிறான். எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், பாருங்கள். அதே அதிகாரி அம்மாதான் இருந்தார். ஒரிஜினலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தார். டேப் ஒட்டிய இடத்தில் மட்டும் விரலைத் தூக்கிக்கொண்டார். நகலை வாங்கிக்கொண்டு ஒரிஜினலை என் பக்கம் தள்ளினார்.

புது விண்ணப்பத்திலும் மகள் இனம் என்ற கட்டத்தில் ‘தமிழ்’ என்றே எழுதியிருந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதிகாரி அம்மா அதை இந்தத் தடவை அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். திங்யான் லீவு முடிந்து வரச் சொல்லியிருக்கிறார்.

ரசீது டப்பாவுக்குள் போய்விட்டது. ஓர் அம்மா எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு இன்னொரு பயம் வந்திருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு 18 முதல் 27 என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறதே. இப்போதைக்குப் பெண்களைக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அட்டை வந்தால் பட்டியலில் இன்னும் தெளிவாகத் தெரிவாளோ? வக்கீலிடம் இதைக் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பதில் சொல்லவில்லை.

வக்கீல் நம்பர் வேண்டும் என்பவர்களுக்கு: எழுத வேண்டாம் என்று பெரியவர் சொன்னதால் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காளியம்மன் கோயிலுக்கு வருவேன். நேரில் கேளுங்கள், தருகிறேன்.